கால்வாய்க்கும் மதிலுக்கும் நடுவே

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அவரை எல்லோரும் சர்வேயர் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கோயிலில் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. முப்பத்தைந்து வருடம் நிலத்தை அளந்தவர். "நான் நட்ட கல்லை எந்தக் கோர்ட்டும் பிடுங்கினதில்ல" என்று சமயம் வாய்க்கும்போதெல்லாம் சொல்லுவார். அது உண்மையும்கூட.

ஓய்வுக்குப் பிறகு அவருடைய பொழுது பங்கு அலுவலகத்தில் போயிற்று. ஒரு கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் அத்தனையும் சேர்ந்ததுதான் பங்கு. பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம், கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பு, படுத்தவர்களுக்கு நற்கருணை, இறந்தவர்களுக்கு அடக்கம், எல்லாவற்றுக்கும் மனிதர்கள் முதலில் வந்து நிற்கும் இடம் அந்த அலுவலகம். சர்வேயர் பங்குப் பேரவையின் செயலாளர். குடும்ப அட்டைகளைத் தெருவாரியாக அடுக்கி வைப்பார். தொலைபேசியை எடுப்பார். வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு நற்கருணையும் கொண்டுபோவார், பூசையில் கர்த்தரின் உடலாகிற அப்பம் அது. பன்னிரண்டு வீடு. கழுத்தில் சிமிழ் வைத்த சின்னப் பை தொங்கும். தலை குனிந்தே நடப்பார். வழியில் யார் வணக்கம் சொன்னாலும் வாய் திறக்க மாட்டார். அவரைப் பார்த்து, சைக்கிளில் வருகிறவர்கள்கூட இறங்கி நின்றுவிட்டுப் போவார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடும் நர்ஸ் அலுவலகத்துக்குள் வந்தாள். அவள் வேறு ஊர்க்காரி, வேறு சபையைச் சேர்ந்தவள். கையில் மருந்துப் பை, செருப்பில் சேறு.

பங்குச்சாமி அப்போது மேசை ஓரத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இளைஞர். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எதையும் தாளில் எழுதிக்கொள்ள மாட்டார், உள்ளங்கையில்தான் எழுதுவார். சாயங்காலத்துக்குள் அந்தக் கை பள்ளிக்கூடக் கரும்பலகைபோல ஆகிவிடும்.

"சாமி, கால்வாய் ஓரத்துல, பஸ் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி ஒரு அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க" என்றாள் நர்ஸ். "இடுப்பெலும்பு ஒடஞ்சு பதினாலு மாசம் ஆகுது. தலைமாட்டுல பெரிய சிலுவை மாட்டியிருக்கு. ஆனா கோயில்லேருந்து யாரும் வந்து நான் பார்த்ததில்ல. கேட்டா பேச்சை மாத்துறாங்க. உங்க ஆளுங்கதானே?"

சாமி சர்வேயரைத் திரும்பிப் பார்த்தார்.

"அது நம்ம பங்கு இல்ல சாமி. புதுப் பங்கு" என்றார் சர்வேயர். ரப்பர் முத்திரை குத்துகிறவன் கையைப்போல அவர் வாய் வேகமாக வேலை செய்தது.

"அப்ப அவங்ககிட்ட சொல்லிடுவோம்" என்று சாமி தொலைபேசியை எடுத்தார்.

புதுப் பங்கின் சாமியாருக்கு இயல்பிலேயே வெண்கலக் குரல். ரிசீவரைக் காதில் வைக்க வேண்டியதே இல்லை. அறை முழுக்கக் கேட்டது. "ஒர்க்‌ஷாப் பின்னாடியா? அது கால்வாய்க்கு உங்க பக்கம் சாமி. 'பழைய பங்குக்கும் புதிய பங்குக்கும் கால்வாயே எல்லை'ன்னு ஆயர் கையெழுத்துப் போட்ட கடிதம் என் பீரோவுலேயே இருக்கு. வாசிக்கவா? அந்த வீட்டு அட்டையைக்கூட இங்கேருந்து அப்பவே உங்களுக்குத் திருப்பி அனுப்பிட்டாங்களே. உங்க ஆபீஸ்ல கேளுங்க."

சாமி ரிசீவரை வைத்தார். பங்குகளுக்கெல்லாம் மேலானவர் ஆயர், அவர் கையெழுத்துக்கு மேல் பேச்சில்லை. சுவரில் பங்கின் வரைபடம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சர்வேயர் கையால் வரைந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, குடும்பங்கள் பெருகிவிட்டன, ஒரு கோயில் போதாது என்று பங்கை இரண்டாகப் பிரித்தபோது போட்டது. பார்க்கிறவர்கள் அச்சடித்த படம் என்றே நினைப்பார்கள்.

சாமி விரலால் சிவப்புக் கோட்டைத் தொடர்ந்தார். "கோடு கால்வாயோடவே வருது... வருது... இங்க மட்டும் ஏன்யா விலகுது? ஒர்க்‌ஷாப் மதிலைச் சுத்திட்டு மறுபடியும் கால்வாய்க்குப் போகுது."

"அந்த இடத்துல கால்வாய் தூர்ந்து கிடந்துச்சு சாமி. மதில்னா நிலையான அடையாளம். அதான்."

கால்வாய் அங்கே தூரவில்லை. ஒரு காலத்திலும் தூர்ந்ததில்லை. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பொய்க் கல் நடாத மனிதர், தேநீர் ஆறுவதற்குள் ஒன்றை நட்டுவிட்டார்.

"சரி, படத்துப்படி அவங்க வீடு அந்தப் பங்கு. கடிதத்துப்படி நம்ம பங்கு" என்றார் சாமி. "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டிட்டு நின்னிருக்கோம். நடுவுல அந்த அம்மா." உள்ளங்கையில் ஏதோ எழுதிக்கொண்டார். "நான் சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன். அவங்க யாருன்னு தெரியுமாய்யா?"

"தையலக்கா" என்றார் சர்வேயர்.

சொன்ன பிறகு அவர் அட்டைப் பெட்டியைத் திறந்து, ஏற்கெனவே சரியாக இருந்த அட்டைகளை மறுபடியும் அடுக்க ஆரம்பித்தார்.

தையலக்கா என்றால் பழைய பங்கில் தெரியாதவர்கள் கிடையாது. பீடத்துணி, பாடகர் அங்கி, முதல் தடவை நற்கருணை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை எல்லாம் அவள் தையல்தான். கை எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவு கூர்மை நாக்கு. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். அண்ணன் மகளோடு இருந்தாள்.

பங்கு பிரிவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்பு ஒரு பொதுக்கூட்டத்தில், கோயிலின் முன்வரிசைப் பெஞ்சுகள் இரண்டைப் பேரவை உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கலாம் என்று சர்வேயர் எழுந்து சொன்னார். எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று படம்கூடப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தையலக்கா பின்னாலிருந்து எழுந்தாள். "சர்வேயரே, ஊரு நிலத்தையெல்லாம் அளந்து முடிச்சிட்டீங்க, சரி. கர்த்தருக்குப் பக்கத்துலயும் உங்களுக்குப் பட்டா வேணுமா?" என்று கேட்டாள்.

கூட்டம் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பு. அப்போதிருந்த வயதான சாமிகூடக் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டார். சர்வேயரும் சிரித்தார், எல்லோரோடும் சேர்ந்து. வீட்டுக்குப் போய் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எல்லைக் கோடு போடும் வேலை அவர் கைக்கு வந்தது அதற்குப் பிறகு. கால்வாய்தான் எல்லை என்று எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். அவர் பென்சிலும் கால்வாயோடு ஒழுங்காகத்தான் வந்தது. ஒர்க்‌ஷாப் அருகே வந்ததும் நின்றது. மதிலுக்கும் கால்வாய்க்கும் நடுவே மூன்றே கட்டடம். ஒன்று பூட்டிக்கிடந்த சரக்குக் கிட்டங்கி. ஒன்று வேறு மதத்தவர் வீடு. மூன்றாவது தையலக்கா வீடு. பென்சில் ஒரு நிமிடம் யோசித்தது, பிறகு மதிலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. 'இனி அந்த நாக்கு அந்தப் பங்குக்குப் போகட்டும்' என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனசுக்குள்ளேகூட முழு வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் ஆயர் இல்லத்துக்குக் கடிதம் எழுதும்போது அந்த வளைவைப் பற்றி எழுதக் கை வரவில்லை. எழுதினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். "கால்வாயே எல்லை" என்று ஒரே வரியில் முடித்தார், ஆயரும் கையெழுத்துப் போட்டார். கடிதம் ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமும் போனது அப்படித்தான்.

இதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை, முதல் கொஞ்ச காலத்துக்கு. தையலக்கா நடமாடிக்கொண்டிருந்தாள். எந்தக் கோயிலுக்குப் போனாலும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். கால் இருக்கிறவர்களுக்குப் பங்கு எல்லை தெரிவதே இல்லை. படுத்துவிட்டவர்களுக்குத்தான் அது தெரியும், கோயில்தான் அவர்களிடம் வர வேண்டும் என்பதால்.

மறுநாள் பூசை முடிந்ததும் சாமி சர்வேயரைத் தனியாகக் கூப்பிட்டார். இரவு சரியாகத் தூங்காத முகம்.

"நற்கருணை வேண்டாம்னுட்டாங்கய்யா."

"கோபமா இருக்காங்களா சாமி?"

"கோபமா இருந்தா நல்லா இருந்திருக்கும். சண்டை போட்டாவது சமாதானம் பண்ணியிருப்பேன்." சாமி பெஞ்சில் உட்கார்ந்தார். "'என்னைப் பங்கிலேருந்து எடுத்துட்டாங்க சாமி, எடுக்கும்படியா நான் நடந்திருக்கேன், என் வாய் அப்படி'ங்குறாங்க. இல்லம்மா, அது ஆபீஸ்ல நடந்த தப்புன்னு சொன்னேன். சிரிச்சாங்க. 'சர்வேயர் ஒரு அங்குலம் பிசக மாட்டார். அவர் என்னை வெளிய வச்சிருக்கார்னா யோசிச்சுதான் வச்சிருப்பார். பெரியவங்க, ஆயர், எல்லாரும் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டிருப்பாங்க. தண்டனை முடியாம நான் வாங்கக் கூடாது'ன்னு சொல்றாங்க."

சர்வேயருக்குக் காதிலிருந்து கழுத்துவரை சுட்டது.

"இதயமும் பலவீனமா இருக்காம். நர்ஸ் சொல்றாங்க" என்றார் சாமி. "இப்படியே விட்டா, கடவுளே தன்னைத் தள்ளி வச்சிட்டார்னு நெனச்சுக்கிட்டே அந்த அம்மா கண்ணை மூடிடுவாங்க. நான் சொன்னா நம்பல. கோடு போட்டவர் சொன்னா நம்புவாங்களோ என்னவோ."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. மதில், தூர்வு என்று ஒரு சொல்லும் எடுக்கவில்லை. உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போனார். கேட்டிருந்தால் சர்வேயருக்கு இன்னொரு பொய் சொல்லவாவது வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்த மனைவி, "உப்பு இல்லையா? இல்ல, உங்களுக்குத்தான் ருசி இல்லையா?" என்றாள்.

அவர் சொன்னார். முதலில் சுற்றி வளைத்துச் சொன்னார். அவள் கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் நேராகவே சொன்னார். அந்தப் பெஞ்சுப் பேச்சு, அந்தச் சிரிப்பு, பென்சில் நின்ற இடம்.

அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொல்றீங்களே" என்றாள் பிறகு. "நானும்தாங்க சிரிச்சேன். என்னை எந்தப் பங்குக்கு அனுப்பப் போறீங்க?"

அவர் சோற்றை மறுபடியும் பிசைந்தார்.

"எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு" என்றாள் அவள், குரல் இறங்கி. "கோயில்ல அவங்களைக் காணோமேன்னு நினைச்சேன். அந்தப் பங்குக்குப் போயிட்டாங்க போலன்னு இருந்துட்டேன். எட்டு நிமிஷ நடை. போய்ப் பார்க்கல." தட்டை எடுத்தாள். "எழுந்திருங்க. சோறு எங்கயும் போகாது. போய்ட்டு வந்து சாப்பிடுங்க."

அந்தச் சந்து அவருக்குத் தெரியாத சந்து அல்ல. ஒன்பதாவது வீட்டிலிருந்து பத்தாவது வீட்டுக்கு அதுதான் குறுக்கு வழி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதன் வழியாகத்தான் நடந்தார். ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் மூன்று கட்டடம். மதிலுக்குள்ளே பஸ் இன்ஜினைக் கழற்றித் தட்டும் சத்தம் கணீர் கணீரென்று கேட்கும். இன்று கழுத்தில் பை இல்லாமல் நடந்தபோதுதான், அக்காவின் ஜன்னல் எவ்வளவு தாழ்வாக, சந்தை ஒட்டி இருக்கிறது என்று பார்த்தார்.

அண்ணன் மகள் மருந்துக்கடை வேலைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து அவரைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. "அத்தை, சர்வேயர் ஐயா" என்று உள்ளே சொல்லிவிட்டு, அவரிடம் ஒரு சொல் பேசாமல் படியிறங்கிப் போனாள்.

ஒரே அறை. ஜன்னலை ஒட்டிக் கட்டில். தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளி, மேலே போர்வை போட்டு, அதன்மேல் மாத்திரைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தையலக்கா பாதியாக இளைத்திருந்தாள். கண் மட்டும் அதே கண்.

"வாங்க சர்வேயர். அளக்க வந்தீங்களா? அளந்துக்குங்க. முன்னைக்கு இப்ப துணி கம்மியாத்தான் ஆகும்."

அவர் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை. முக்காலி ஒன்று கிடந்தது. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"அக்கா, நேத்து சாமி வந்தாராமே."

"வந்தார். நல்ல பிள்ளை. கையெல்லாம் மையி. தாய் அடிச்சு வளர்க்கல போல."

"நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்களாம்."

"ஆமா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல." அவள் போர்வையின் ஓரத்தை விரலால் மடித்து மடித்து விட்டாள். "விழுந்த புதுசுல இந்தப் பொண்ணு கோயிலுக்கு ஃபோன் போட்டா. நீங்கதான் எடுத்தீங்களாம். 'உங்க வீடு அந்தப் பங்கும்மா, அங்க கேளுங்க'ன்னு மரியாதையாச் சொன்னீங்களாம். அங்க கேட்டா, உங்க பங்குன்னாங்களாம். மறுபடியும் போடுறேன்னு நின்னா. நான்தான் வேணாம்னுட்டேன். ரெண்டு வீட்டுலயும் எனக்கு இலை போடலைன்னா, குத்தம் எங்கிட்டதானே? என் அம்மா சொல்லும், 'உன் வாய் உன்னைத் தெருவுல நிறுத்தும்டி'ன்னு. தெருவுலகூட இல்ல, சந்துல நிறுத்திடுச்சு."

அந்தத் தொலைபேசி அழைப்பு அவருக்கு ஞாபகம் வந்தது. கால்வாய் ஓர வீடு என்றதும் யார் வீடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கவில்லை. கேட்காமலிருந்ததுதான் அன்று அவர் செய்த வேலை.

"அதுக்கும் ஒரு வழி பண்ணிக்கிட்டேன்" என்றாள் அக்கா, ஏதோ சாமர்த்தியம் செய்ததுபோல. "வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு நீங்க இந்தச் சந்து வழியாப் போவீங்க, கர்த்தரை எடுத்துக்கிட்டு. இந்தப் பொண்ணு என்னைச் சாய்ச்சு உட்கார வச்சிடும். நீங்க ஜன்னலைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்குவேன். அவ்வளவுதான். கையெட்டுற தூரம். எனக்கு அது போதும்னு வச்சுக்கிட்டேன். நீங்க ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்ல. பக்தியா நடக்குறவரைக் கூப்பிடக் கூடாதுன்னு நானும் கூப்பிடல."

ஒர்க்‌ஷாப்பில் இரும்பு விழும் சத்தம் கேட்டது. அறுபது வெள்ளிக்கிழமை. சர்வேயரால் தரையைப் பார்க்கவும் முடியவில்லை, அவளைப் பார்க்கவும் முடியவில்லை. தலை குனிந்து நடந்தது பக்தியால்தானா, அந்த ஜன்னலைப் பார்க்காமலிருக்கத்தானா என்று இப்போது யாராவது கேட்டால் சத்தியம் பண்ணிச் சொல்ல அவரால் ஆகாது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் எதுவும் பேசாதீங்க."

"பேசாம இருக்குறது எனக்குப் பெரிய கஷ்டம். சரி, சொல்லுங்க."

அவர் சொன்னார். மனைவியிடம் சுற்றி வளைத்ததைப்போல இங்கே வளைக்கவில்லை. கால்வாய் எல்லை என்று எல்லோரும் முடிவு செய்ததையும், தான் மதிலைச் சுற்றியதையும், சுற்றியதற்கு அந்தப் பெஞ்சுப் பேச்சைத் தவிர வேறு காரணமே இல்லை என்பதையும், ஆயருக்கு அதை மறைத்து எழுதியதையும் சொன்னார். நேற்று சாமியிடம் சொன்ன பொய்யையும் சொன்னார்.

அக்கா மடித்த போர்வை ஓரத்தை நீவிவிட்டாள். பிறகு, "எத்தனை மீட்டர் வளைச்சீங்க?" என்று கேட்டாள்.

"பதினெட்டு."

"பதினெட்டு மீட்டர்." துணி விலை கேட்டவள்போல அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். "அப்ப ஆயருக்குத் தெரியாது?"

"தெரியாது."

"பழைய சாமிக்கு?"

"அவருக்கும் தெரியாதுக்கா. யாருக்குமே தெரியாது."

"அப்ப..." அவள் குரல் முதல் தடவையாகத் தடுமாறியது. "கர்த்தர் என்னைத் தள்ளி வைக்கலையா?"

"இல்லக்கா. நான்தான்."

"நீங்க மட்டும்தானா?"

"நான் மட்டும்தான்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். முக்காலியில் அவர் அசையாமல் இருந்தார். எழுந்து ஓடிவிடலாம் என்று உடம்பு முழுக்கச் சொல்லிற்று. ஓடாமல் இருந்தது ஒன்றுதான் அன்று அவரால் செய்ய முடிந்த நல்ல காரியம்.

அவள் திரும்பியபோது கண் சிவந்திருந்தது. "பதினாலு மாசம் சர்வேயர். ஒவ்வொரு நாளும் பாவத்தை எண்ணி எண்ணிப் படுத்திருக்கேன். சின்ன வயசுல பக்கத்து வீட்டுக் கொய்யாப்பழம் பறிச்சதுவரைக்கும் எண்ணிட்டேன்."

"மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு..."

"கேக்காதீங்க. கேட்டா, சரின்னு சொல்லித் தொலைப்பேன். இப்ப சொன்னா அது பொய்யாப் போயிடும். ஏற்கெனவே பொய் ஜாஸ்தியாயிடுச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாமியை வரச் சொல்லுங்க. நாளைக்கே வரச் சொல்லுங்க. சாமி கையால வாங்கிக்கிறேன். உங்க கையால இப்ப முடியாது. வன்மத்துல சொல்லல. கையைப் பார்த்தா பென்சில்தான் தெரியும். கர்த்தர் தெரிய மாட்டார்."

"சரிக்கா."

"கதவைச் சாத்திட்டுப் போங்க. காத்து வருது."

மறுநாள் சாமி போனார். அக்கா தன் பாவங்களைச் சாமியிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கினாள் என்று பிறகு சொன்னார்கள். சர்வேயர் அப்போது வாசற்படிக்கு வெளியே, மதிலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

அந்த மாதப் பேரவைக் கூட்டத்தில் அவர் எழுந்தார். யாரும் எழச் சொல்லவில்லை. பதினாறு பேர் முன்னால், படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்து, எங்கே வளைத்தார், ஏன் வளைத்தார் என்று சொன்னார்.  பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் இருந்தார், எதையும் லேசாக்கிவிடும் மனிதர். "அப்ப எனக்கும் ஒரு கோடு போட்டுக் குடுங்க சர்வேயரே. என் மச்சானை அந்தப் பங்குக்குத் தள்ளிடலாம்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். முன்பு அக்கா பேச்சுக்கு வந்த சிரிப்பைவிட இது நூறு பங்கு சின்னச் சிரிப்பு. ஆனால் அது இறங்கிய ஆழம் வேறு.

பாடகர் குழுத் தலைவி, "விடுங்கய்யா, தப்பு யார்தான் பண்ணல" என்றாள். அவருக்கு அது அந்த இரும்புக் கடைப் பேச்சைவிட வலித்தது. தவறிப்போய் நடந்ததுதான் தப்பு. அவர் தவறவில்லை. அளந்துதான் போட்டார்.

எல்லோரும் போன பிறகு, செயலாளர் பொறுப்பும் வேண்டாம், வெள்ளிக்கிழமை வேலையும் வேண்டாம் என்று எழுதிய தாளைச் சாமியிடம் கொடுத்தார்.

சாமி வாசித்தார். "செயலாளர் பொறுப்பை வாங்கிக்கிறேன். கொஞ்ச நாள் வேற யாராவது பார்க்கட்டும். வெள்ளிக்கிழமையை வாங்கிக்க மாட்டேன்."

"எனக்கு யோக்கியதை இல்ல சாமி."

"யோக்கியதை இருக்குறவங்கதான் கொண்டு போகணும்னா பன்னிரண்டு வீடும் பட்டினிதான்யா. நான் மட்டும் என்ன? வந்து மூணு மாசம் ஆச்சு, அந்தப் படத்துக்குக் கீழ நின்னு தெனமும் டீ குடிச்சேன். ஒரு வீடு விட்டுப்போயிருக்கான்னு ஒரு நாளும் கேக்கல. விலகுறது சுலபம். வெள்ளிக்கிழமை வாங்க. பதிமூணாவது வீட்டுக்கு நானும் வரேன்."

அப்படியே நடந்தது. ஆயர் இல்லத்துக்கு உள்ளது உள்ளபடி கடிதம் போயிற்று. வளைவில்லாத புதுப் படம் வந்தது. வெள்ளிதோறும் சர்வேயர் ஒன்பது வீடு முடித்துச் சந்து முனையில் நிற்பார். சாமி வருவார். உள்ளே போவார். சர்வேயர் வாசலில் நிற்பார். அவர் மனைவி இடையில் இரண்டு நாள் வந்து அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவரிடம் சொல்லவில்லை. அண்ணன் மகள் மட்டும், ஐந்தாவது வாரத்தில், "வெயில்ல நிக்காதீங்க, உள்ள நில்லுங்க" என்றாள். அவர் உள்ளே, கதவோரம் நின்றார்.

எட்டாவது வெள்ளிக்கிழமை ஒரு அடக்கம் வந்துவிட்டது. சாமியால் காலையில் வர முடியவில்லை. சாயங்காலம் போய்க்கொள்கிறேன், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். சர்வேயர் படியேறி, கதவோரம் நின்று, தாழ்ந்த குரலில் அண்ணன் மகளிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"யாரது, வாசல்லயே சொல்லிட்டுப் போறது?" என்றாள் அக்கா கட்டிலிலிருந்து.

"நான்தான்க்கா. சாமி சாயங்காலம் வருவார்."

"கழுத்துல என்ன தொங்குது?"

அவர் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அதை வச்சுக்கிட்டு என்னைச் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கச் சொல்றீங்களா? வாங்க இங்க. இன்னும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க. வாங்க."

அண்ணன் மகள் அவளைச் சாய்த்து உட்காரவைத்தாள். சர்வேயர் சிமிழைத் திறந்தார். ஜெபத்தைச் சொன்னார். வருடக்கணக்காகச் சொன்ன ஜெபம் நடுவில் ஒரு வரி மறந்துபோயிற்று. அக்காவே அதை எடுத்துக் கொடுத்தாள். அப்பத்தை எடுத்த விரல்கள் நடுங்கின. இன்னும் கொஞ்சம் நடுங்கியிருந்தால் கீழே விழுந்திருக்கும். அக்கா தன் எலும்பும் தோலுமான கையை நீட்டி, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். துணியை மெஷின் ஊசிக்கடியில் நேராகப் பிடிக்கிறவளின் பிடி. கை நின்றது.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார்.

"ஆமென்" என்றாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. அவர் கட்டிலருகே முழந்தாளிட்டிருந்தார். வெட்கம் எங்கும் போய்விடவில்லை, உள்ளேயே இருந்தது. அதோடேயே அவர் அங்கே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கண்ணைத் திறந்தாள். "இன்னும் எத்தனை வீடு பாக்கி?"

"மூணுக்கா."

"அப்ப எழுந்திருங்க. பாவம், வழி பார்த்துக்கிட்டே படுத்திருப்பாங்க."